சித்தூர்க் கடைக்கு நான் வைத்த கண்ணாடிக் கதவு

அக்கா போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "வெள்ளிக்கிழம மாமா திருப்பதி போறாரு. கடைய செருப்புக் கம்பெனிக்கு விட்டுட்டு வரப் போறாரு. நீ வந்து கூடப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஷார்ஜாவில், வெங்காயம் குவித்த மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் தயிர் எங்கே என்று கேட்டார். தயிர் இருக்கும் இடம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்று சோப்பு வரிசையைக் கை காட்டிவிட்டேன்.

என் தொழில் அதுதான், சூப்பர் மார்க்கெட். பதினெட்டு வருஷமாக ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையில் மேற்பார்வையாளன். எந்த பிஸ்கட்டை எந்த உயரத்தில் வைத்தால் குழந்தை கை நீட்டி எடுக்கும் என்று கேளுங்கள், விரலால் அளந்து காட்டுவேன். சொந்த ஊர் ஆரணி. அக்கா சரோஜாவைச் சித்தூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த வரதன் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை குட்டி எல்லாம் அந்தக் கடைதான்.

போன வருஷம் சித்தூரின் பெரிய ரோட்டில் மூன்று மாடிக்கு ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். மாமா பயந்துபோய் என்னிடம் யோசனை கேட்டார். நானும் சொன்னேன். வீடியோ காலில், கையில் டீக் கோப்பையோடு, ஒரு மணி நேரம் சொன்னேன். மூட்டைகளை எடுத்துவிடுங்கள். அலமாரி போடுங்கள். எல்லாவற்றையும் பாக்கெட்டாக்கி பார்கோடு ஒட்டுங்கள். ஏசி வையுங்கள். ஏசி வைத்தால் கதவு வேண்டும், வெயில் உள்ளே வராத கறுப்புக் கண்ணாடிக் கதவு. வாசலில் உங்கள் முகம் பெரிதாக இருக்கட்டும், முகம்தான் விளம்பரம். மாமா அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தார். அன்றிலிருந்து வியாபாரம் படுத்தது.

ஆகவே சித்தூருக்கு நான் சாவு வீட்டுக்குப் போகிற மனசோடுதான் போனேன். அதிலும், கொன்றவனே மாலை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை விமானத்திலிருந்து இறங்கிச் சித்தூர் பஸ்ஸில் ஏறியதும் மாம்பழ வாசனை மூக்கை அடைத்தது. ஜூன் மாதம். ரோட்டோரம் முழுக்க ஜூஸ் ஃபேக்டரிகளுக்குப் போகிற டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. என் முன் சீட்டில் ஒருவர் இரண்டு கூடை மாங்காயோடு உட்கார்ந்திருந்தார். கூடைக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் தெலுங்கில் அதட்டினார். "இன்றைக்கு மாங்காய் விற்கிற விலைக்கு இந்தக் கூடையை நீயே வைத்துக்கொள், நான் இறங்கிப் போகிறேன்" என்று அவரும் தெலுங்கிலேயே சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் ஒரு மாங்காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஷார்ஜாவில் இதே மாங்காய்க்கு நுரை உறை மாட்டி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தடவிப் பார்க்கிறார்கள்.

வீட்டில் ராகிக் களியும் கோழிக் குழம்பும் தயாராக இருந்தன. பதினெட்டு வருஷமாகக் குப்பூஸ் ரொட்டியில் காலம் தள்ளுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அக்கா களியைக் குழித்துக் குழம்பை ஊற்றி, "மொதல்ல துன்னு, அப்பறம் பேசலாம்" என்றாள். கல்யாணமாகி வந்தபோது சாப்பிடு என்று சொன்னவள்தான். ஊர் மாற்றிவிட்டது.

மாமா என் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அறுபத்தொரு வயது. ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ நல்லதுக்குத்தான் சொன்ன மச்சான். காலம் அப்டி. நம்மால தாங்க முடில" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை கடைக்குப் போனேன். அந்தத் தெருவைப் பற்றி முன்பு எனக்கு இருந்த நினைவு சத்தம்தான். இப்போதும் சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஆட்கள் மாறியிருந்தார்கள். பாத்திரக் கடையில் பாதியை செல்போன் ரிப்பேருக்கு விட்டிருந்தார்கள். பேப்பர், பேனா விற்ற கடை ஷட்டர் போட்டுக் கிடந்தது. வளையல் கடைக்காரர் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் வாசலுக்கே போய்விட்டாராம். பூக்காரிகளும் அங்கேதான். அவர்களுக்கு முன்பைவிட நல்ல வியாபாரம் என்றார் மாமா. சொல்லும்போது அவர் குரலில் பொறாமை இல்லை.

மாமாவின் கடை முன்னால் நின்றபோது, உண்மையைச் சொல்வதானால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பளபளவென்று கறுப்புக் கண்ணாடி. மேலே, கதவின் அகலத்துக்கு, மாமாவின் முகம் அச்சடித்த ஃப்ளெக்ஸ். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அக்காவை வெட்டி எடுத்துவிட்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு மாமாவை மட்டும் வைத்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ் அடித்தவர் மங்கலமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் குத்துவிளக்கு போட்டுக் கொடுத்திருந்தார். கீழே தெலுங்கில் 'உங்கள் வரதன்' என்று எழுத்து. பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில்.

உள்ளே குளிர். எல்லாம் பாக்கெட்டில் அடைபட்டுக் கிடந்ததால் மளிகைக் கடை வாசனையே இல்லை. பெருங்காயத்துக்குக்கூட மூச்சு விட இடம் இல்லை. மாமா கம்ப்யூட்டருக்குப் பின்னால் கை கட்டி உட்கார்ந்தார். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து தெரு நன்றாகத் தெரிந்தது. மத்தியானம் வரை வந்தவர்கள் நாலே பேர். மூன்று பேர் அதே தெரு. ஒருவர் சில்லறை கேட்டு வந்தவர்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கையில் பையோடு இரண்டு பெண்கள் படி வரை வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். அதில் ஒருத்தி கும்பிட்டாள். இரண்டு பேரும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். பக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளையார் இடது பக்கம் இருந்தார், அவள் மேலே பார்த்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் எதிரியின் கோட்டைக்குப் போனேன். வாசலில் பையை வாங்கி டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே போனதும் என் கண் தொழில் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அரிசி வரிசை சரியில்லை. எண்ணெய் டின்களை மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள், நான் என்றால் வைக்க மாட்டேன். இரண்டு பெண்கள் வெறும் தள்ளுவண்டியோடு என்னைக் கடந்து போனார்கள். "எதற்கு வந்தோம் என்றே மறந்துபோச்சு" என்று ஒருத்தி தெலுங்கில் சொன்னாள். "வீட்டில் கரண்ட் இல்லை, அதற்குத்தான் வந்தோம்" என்றாள் மற்றவள். ஷாம்பு, நூடுல்ஸ், குழந்தைத் துணி என்று டவுன் ஜனங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தேடிய ஆட்கள் அங்கே இல்லை. மாமாவின் கடையைத் தாங்கியது டவுன்காரர்கள் அல்ல. வேலூர் பக்கத்து எல்லையில் குடிபாலா, அதைச் சுற்றிய ஊர்கள், அங்கிருந்து பஸ் ஏறி வந்து மாதச் சாமான் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களைச் சூப்பர் மார்க்கெட் இழுத்துக்கொண்டது என்று மாமா நம்பினார், நானும் நம்பினேன். மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். அந்த முகங்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. வெளியே வந்து வளையல் கடைக்காரரிடம் கேட்டேன். கிராமத்து ஆட்கள் இங்கே வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள், பருப்பு வாங்க வருவதில்லை என்றார். அப்படியென்றால் அவர்கள் எங்கேதான் போனார்கள்? அக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை என் சொந்த வேலை ஒன்று இருந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் யாரும் தன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வர முடியாது. என்னோடு வேலை செய்யும் வேலூர்க்காரர் ஒருவர், அவர் வீட்டில் கொடுக்கச் சொல்லிப் பேரீச்சம்பழமும் தைலமும் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் போட்டுக்கொள்ளப் பை கேட்டதற்கு அக்கா பரணிலிருந்து ஒரு பழைய மஞ்சள் துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். மாமா கடையில் முன்பு தீபாவளிக்குக் கொடுத்த பை. ஒரு பக்கம் தராசுப் படம், மறு பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் கடைப் பெயர்.

வேலூர் பஸ் குடிபாலா வரைதான் போயிற்று. மாங்காய் டிராக்டர் ஒன்றிலிருந்து விழுந்த ஏதோ இரும்பு, பஸ்ஸின் பின் டயரில் ஏறிவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார். அதிலிருந்தே புரிந்துகொண்டு எல்லாரும் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடை நிழலில் ஒதுங்கினேன். வேர்க்கடலைச் சட்னியோடு மூன்று தோசை தின்றேன். டயரைக் கழற்றியே முடிக்கவில்லை, நாலாவதும் சொன்னேன்.

பக்கத்துப் பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேசம்மா என்று டீக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டதால் பெயர் தெரிந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

"வரதன் அண்ணன் கடப் பையா இது?"

ஆமாம், அவர் மச்சான்தான் நான் என்றேன். உடனே அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நல்ல மனுசன். பூட்டாரே பாவம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. யார் போனது என்றேன்.

"அவருதான். கதவ மூடிட்டாங்க. போட்டோக்கு மால போட்டு, ரெண்டு பக்கமும் வெளக்கு வெச்சி கீறாங்க. நான் படியிலயே நின்னு கும்புட்டுட்டு வந்துட்டேன்."

அந்த ஃப்ளெக்ஸை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். மாலை. விளக்கு. சிரிக்கிற முகம். கீழே மூடிய கறுப்புக் கதவு. அந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது யார் செத்தாலும் இதே மாதிரி ஃப்ளெக்ஸைத்தான் தெருமுனையில் கட்டுகிறார்கள். பஜாரில் பட்டப்பகலில் கடைக் கதவு மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஷார்ஜாவில் எல்லாக் கடையும் மூடியேதான் இருக்கும், ஆள் பக்கத்தில் போனால் தானாகத் திறக்கும். அங்கே மூடிய கதவு என்றால் உள்ளே குளிர் இருக்கிறது என்று பொருள். அந்த அர்த்தத்தை நான் அப்படியே சித்தூரில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன்.

யாரிடமாவது விசாரித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"துக்க வீட்டுல போயி பருப்பு கீதான்னு கேப்பாங்களா?" என்றாள் தேசம்மா. "சரி, கொஞ்ச நாளு போவட்டும்னு கீந்தோம். மறுபடி போனாலும் மூடியே கீது. நடத்த ஆளு இல்ல போலன்னு, இங்கயே வேன்ல வர்றவன் கிட்ட வாங்கிக்கினு கீறோம். அவன் போடற பருப்பு வேகறதே இல்ல."

அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். வேறு வழியில்லாமல் மாமாவுக்கு வீடியோ கால் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு, தேசம்மாவா? இன்னாம்மா, கடப் பக்கமே காணோம்?"

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு கிட்டே கொண்டுவந்தாள். செத்தவர்களைக்கூட இப்போது போனில் பேச வைக்கிறார்களாமே என்று டீக்கடைக்காரரிடம் மெல்லக் கேட்டாள். அவர், அது பேசும், ஆனால் உன் பெயர் சொல்லிக் கூப்பிடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம்தான் அவள் திரையைப் பார்த்து, "அண்ணா, நீ கீறியா?" என்றாள்.

பிறகு அழுதாள். மாமாவுக்கு ஒன்றும் புரியாமல், "அழாத, இன்னா ஆச்சி, வூட்ல யாருக்கு இன்னா?" என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாமாவின் கடையை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. மூன்று மாடிக் கட்டடம் அவர்களை விழுங்கவும் இல்லை. அவர் மேல் வைத்த மரியாதையால்தான் அவர்கள் வரவில்லை. அந்த டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டயர் மாட்டி முடிந்து டிரைவர் ஹாரன் அடித்தபோது, அவருக்கும் ஒன்று.

வேலூரில் பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போட்ட பிரியாணியையும் மறுக்காமல் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் சித்தூர் திரும்பிவிட்டேன். மாமாவைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போனேன். தேசம்மா நினைத்ததைச் சொல்லி, இங்கேயிருந்து உங்கள் கடையைப் பாருங்கள் என்றேன். ஒரு வருஷமாக அவர் காலையில் வந்து உள்ளே நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார். எதிரில் நின்று பார்த்ததே இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கே கும்புடணும்னு தோணுது மச்சான்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பின்னால் வந்து நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோவில் தன்னை வெட்டியபோதே அது உருப்படாது என்று தனக்குத் தெரியும் என்றாள். ஏணி போட்டு நானே ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க, கடைப் பரணிலிருந்து பழைய ஐந்து கிலோ எடைக்கல்லை இறக்கி முட்டுக் கொடுத்தோம். மறுநாள் ஆள் வந்து கதவையே கழற்றுவதாக ஏற்பாடு.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், காலையில் ஆறு மணி பஸ் என்றார். திருப்பதிக்கு வருகிறேன் என்று செருப்புக் கம்பெனி ஏஜெண்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தேசம்மா ஒருத்தி அழுதாள் என்பதற்காக ஊரே திரும்பி வந்துவிடுமா, வேன்காரன் வீட்டு வாசலுக்கே வந்து போடுகிறானே என்று கேட்டார். போன முறை என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்ததால்தானே இந்த வினை. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை திருப்பதி பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது பாதி தூரத்துக்குப் பிறகுதான். அதுவரை என் காலடியில் ஒரு பூசணிக்காய் உருண்டு உருண்டு வந்தது. யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. திருப்பதியில் இறங்கியதும் மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்த வாசனை. நெய்யும் காரப்பொடியும் போட்ட இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டோம். அந்த ஊரில் பெரிய கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. அவற்றின் வாசலிலேயே சாமிப் படம், சீப்பு, கண்ணாடி, பொம்மை விற்கிற சின்னக் கடைகள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. யாத்திரைக்கு வருகிறவன் பெரிய கடையில் பிஸ்கட்டும் சின்னக் கடையில் சாமிப் படமும் வாங்குகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

ஏஜெண்டின் ஆபீஸ் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில். படியேறிப் போனோம். கறுப்புக் கண்ணாடிக் கதவு. மூடியிருந்தது.

இன்னும் திறக்கவில்லை போல என்று மாமா படியிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். ஏழுமலையான் இருக்கிற திசையைப் பற்றிக்கூடப் பேசினோம். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்து, உள்ளே வராமல் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று தெலுங்கில் கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுகளோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். நானும்தான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"கதவு வெச்ச நானே நின்னுட்டேன் பாரு" என்றார் மாமா. "தேசம்மாவ என்னான்னு சொல்றது?"

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது. படியிலேயே ஸ்பீக்கரில் போட்டார். தேசம்மா ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சாமான் வேண்டுமா என்று கேட்டால், முதலில் அண்ணனைக் காட்டு என்கிறாளாம். திருப்பதி போயிருக்கிறார் என்று சொன்னால், அவர்களில் ஒருத்தி, ஐயோ மறுபடியுமா என்றாளாம். "உன்ன கண்ணால பாக்காம போவ மாட்டோம்னு உக்காந்துகினு கீறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள் அக்கா.

கதவைத் திறந்து பிடித்தபடி அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மாமா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"சோறு போடு. வந்துகினே கீறேன்னு சொல்லு."

உள்ளே போய் ஏஜெண்டிடம் அவரே தெலுங்கில் பேசினார். மன்னிக்க வேண்டும், கடையை விடுகிற எண்ணம் இல்லை, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். ஏஜெண்ட் நல்ல மாதிரி. கோபப்படாமல், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். காபிக்குக்கூட மாமா நிற்கவில்லை. தெருவில் இறங்கி, மலை இருக்கும் பக்கம் திரும்பி, அடுத்த முறை நடந்தே ஏறுகிறேன் என்று அவசரமாக ஒரு கும்பிடு போட்டார். அறுபத்தொரு வயசு ஆள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இட்லி நிறைந்த வயிற்றோடு நான் பின்னால் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சில் பாரம் இல்லாமல் வாங்கிய மூச்சு அது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே சித்தூர் வந்துவிட்டோம். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. ஆள் வந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். ஏசியின் குளிர் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்க, தெருவின் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார அக்கா அந்த ஃப்ளெக்ஸைத்தான் விரித்திருந்தாள், மாமாவின் முகம் கீழே இருக்கும்படி. செருப்புகள் எல்லாம் வெளியே வரிசையாக இருந்தன. டைல்ஸ் அழுக்காகிவிடும் என்று கழற்றியிருக்கிறார்கள்.

மாமாவைப் பார்த்ததும் ஆறு பேரும் எழுந்தார்கள். தேசம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள், அரிசி வாங்கும்போது பார்ப்பார்களே அப்படி.

"செத்துட்டான்னு சேதி பரவுனா ஆயுசு கெட்டி அண்ணா" என்றாள். "ஆனா ஊர் வாயி பட்டுடிச்சி. சுத்திப் போடணும். ஏழு மொளகா, ஒரு கை கல்லுப்பு குடு. காசுக்குத்தான். சும்மா வாங்குனா பலிக்காது."

மாமா அலமாரியிலிருந்து மிளகாய் பாக்கெட்டை எடுத்தார். இருப்பதிலேயே சின்ன பாக்கெட் நூறு கிராம். பார்கோடு பளிச்சென்று இருந்தது. அதை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பழைய செய்தித்தாளில் ஏழு மிளகாயை எண்ணி வைத்து, கல்லுப்பு பாக்கெட்டையும் கிழித்து ஒரு கை அள்ளிப் போட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் பொட்டலம் மடித்துவிட்டார். ஒரு வருஷமாக வேலை இல்லாமல் இருந்த கை என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. ஷாம்பு வாங்குகிறவர்கள் மூன்று மாடிக்கே போவார்கள். பேனாக் கடையின் ஷட்டர் இனி ஏறாது. வேன்காரனும் நாளைக்கு வருவான். ஆனால் தேசம்மா உப்பும் மிளகாயுமாக மாமாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மற்ற ஐந்து பேரும் பைகளை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அக்காவிடம், பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சுற்றி முடித்ததும் மாமா வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். கிழிந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், ஏழு மொளகாக்கு பில்லு எப்படிப் போடறது?"

பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தெரியாது மாமா என்றேன். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மிச்ச மிளகாயை ஒரு தட்டில் கொட்டி வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.